வெடிங் கேக் கஞ்சா: வெனிலா எங்கிருந்து வருகிறது? (கேள்வி பதில்)

கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற பரிசோதனைக்கூடம் ஒன்றில் கஞ்சாப் பூக்களைச் சோதிப்பது என் வேலை. வெடிங் கேக் என்ற கலப்பின ரகத்தைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்டவரின் ஊர்ப் பெயரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன். சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருக்கும், வயது வந்தவர்களுக்கு மட்டுமே இந்தப் பதில்கள்.

சான் ஹோசே: அக்கா, பொட்டலத்தைத் திறந்தால் கேக் கடை வாசனை வருகிறது. வெனிலா எசென்ஸ் ஏதாவது தெளிக்கிறார்களா?

நல்ல பூவாக இருந்தால் எதுவும் தெளிப்பதில்லை. செடியே உண்டாக்கும் மணம்தான் அது. இந்த ரகத்தில் வழக்கமாகத் தூக்கலாக இருப்பவை கேரியோஃபிலீன், லைமோனீன் என்ற டெர்பீன்கள், அதாவது செடியின் மணச் சேர்மங்கள். முதலாவது மிளகிலும் கிராம்பிலும் இருக்கிறது, இரண்டாவது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில். கூடவே லினலூல் கொஞ்சம் இருக்கும், கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பகுதி அதுதான். ஆக, உங்கள் கேக் கடையின் சாமான்களில் பாதி நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது.

மாதிரிக் குப்பியின் மூடியைத் திறந்ததும் எனக்கு முதலில் எட்டுவது மண்வாசனை கலந்த இனிப்பு. பூவைக் கிள்ளி விரலிடையே நசுக்கினால்தான் மிளகு மேலே வரும். கடைசியில் புளித்த எலுமிச்சை மாதிரி ஒன்று விரலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

டெர்பீன்களை மட்டும் வைத்து இதை முழுக்க விளக்கிவிட முடியாது. டெர்பீன் அளவுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் ரகங்கள்கூட வேறு வேறாக மணக்கின்றன. மிகச் சொற்ப அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களும், இண்டோல், ஸ்காட்டோல் போன்றவையும்தான் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. இண்டோல் மல்லிகையிலும் இருக்கிறது. அளவு கூடினால் நாறும், துளியாக இருந்தால் மணத்துக்கு ஆழம் கொடுக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

டொராண்டோ: இங்கே பிங்க் குக்கீஸ் என்று விற்பதும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான், இன்னொரு பெயர். கலிஃபோர்னியாவின் சீட் ஜங்க்கி ஜெனடிக்ஸ் என்ற ரகம் உருவாக்கும் நிறுவனம் உருவாக்கியது. டிரையாங்கிள் குஷ், அனிமல் மின்ட்ஸ் என்ற இரண்டு ரகங்களையும் சேர்த்த கலப்பு. செர்ரி பை என்ற ரகம் கலந்தது என்று பழைய பக்கங்களில் இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

ஃப்ரீமான்ட்: 28 சதவீதம் போட்ட பொட்டலத்தை வாங்குவதா, 22 போட்டதையா?

முதலில் அந்த 28 எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். போதை தருவது டிஎச்சி. பூவில் இருப்பது பெரும்பாலும் அதன் அமில வடிவமான டிஎச்சிஏ. சூடு பட்டால்தான் அது டிஎச்சி ஆகும், அப்போது எடையில் கொஞ்சம் குறையும். அதனால் 0.877ஆல் பெருக்க வேண்டும். டிஎச்சிஏ 28 என்றால் கையில் வருவது சுமார் 24.6. எண் கூடினால் விலையும் கூடுகிறது என்பதால், கூடுதலாக எழுதித் தரும் கூடத்தைத் தேடிப் போகும் பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் அது. எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், பூச்சிக்கொல்லி, பூஞ்சை வரிகளைப் படியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எச்1பி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை. பயன்படுத்தினேன் என்று நீங்களே எல்லையில் ஒப்புக்கொண்டால் நுழைவு மறுக்கப்படலாம்.

சியாட்டில்: இது இண்டிகாவா, சட்டிவாவா?

கலப்பினம். இண்டிகா, சட்டிவா என்பவை கஞ்சாவை இரண்டாகப் பிரிக்கக் கடைகள் சொல்லும் பெயர்கள். அந்தச் சொற்களை வைத்து விளைவைக் கணிக்க முடியாது.

டர்பன்: அக்கா, வெடிங் கேக் வம்சத்தில் எங்கள் தென்னாப்பிரிக்க ஊரின் பெயர் கொண்ட டர்பன் பாய்ஸன் ரகம் இருக்கிறதாமே. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் கொண்டுவந்த விதை என்று என் தாத்தா சொல்வார்.

முதல் பாதி சரி. அனிமல் மின்ட்ஸ் வழியாகப் பின்னோக்கிப் போனால் கேர்ள் ஸ்கவுட் குக்கீஸ் என்ற ரகம் வரும், அதன் பெற்றோரில் ஒன்றாக டர்பன் பாய்ஸனைச் சொல்கிறார்கள். இரண்டாவது பாதியை ஏற்க முடியவில்லை. 'டாகா' என்ற கோய்கோய் சொல்லே அந்தச் செடிக்கு அங்கே இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையிறங்குவதற்கு வெகுகாலம் முன்பே தென்னாப்பிரிக்காவில் புகைத்தார்கள்.

டர்பன்: அப்படியானால் நம்மவர்களுக்கு மட்டும் தடை போட்டது ஏன்?

நல்ல கேள்வி. டர்பன் அடங்கிய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் அரசு 1870இல் கொண்டுவந்த சட்டம், இந்தியத் தொழிலாளர்கள் கஞ்சாவை வைத்திருப்பதையும் புகைப்பதையும் தடுத்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை கெடக்கூடாது என்பதே முதலாளிகளின் கவலை. நம்மவர்கள் புகைத்தார்கள் என்பதற்கு அது சான்று. விதை கொண்டுவந்தார்கள் என்பதற்குச் சான்றாகாது. உங்கள் தாத்தாவின் நினைவில் அந்தத் தடை இருந்திருக்கும், அது மதிக்க வேண்டிய நினைவு.

சான் ஹோசே: இடையில் வருகிறேன். இண்டிகா என்றாலே இந்தியாதானே?

ஆமாம். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் சட்டிவா என்று பெயர் வைத்தது ஐரோப்பியச் சணல் வகைக்கு. இன்னொரு தாவரவியலாளர் லாமார்க் 1785இல் இந்தியாவிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து இண்டிகா என்றார். ஆனால் இன்று கடைக்காரர் இண்டிகா என்பது ஆஃப்கன் மலைப்பகுதியின் அகல இலைக் குட்டைச் செடியை. இடுக்கி மலையின் உயரமான, மெல்லிய இலைச் செடியைச் சட்டிவா என்பார். இந்தியச் செடிக்கே அந்தப் பெயர் இல்லாமல் போய்விட்டது. தம்பி, இதனால்தான் அந்த இரண்டு சொற்களையும் விடச் சொல்கிறேன்.

டாலஸ்: இண்டிகா என்றால் தூக்கம் வருமா?

மேலே சியாட்டிலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கோவை: அக்கா, ஒரு கிராம் தபாலில் அனுப்ப முடியுமா?

முடியாது. யாரிடமும் கேட்காதீர்கள். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி இறக்குமதி குற்றம், வாங்குபவரும் மாட்டுவார்.

சிங்கப்பூர்: கனடா போகும்போது ஒரு முறை?

நீங்கள் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால், வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் உங்கள் ஊரில் அது குற்றம். வேண்டாம்.

சாக்ரமென்டோ: அம்மாவுக்குத் தூக்கமில்லை. வெடிங் கேக் கம்மி (கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய்) கொடுக்கலாமா?

அவர் எடுக்கும் மாத்திரைகள் தெரியாமல் நான் சொல்லக்கூடாது, மருத்துவரைக் கேளுங்கள். கம்மி வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். 'ஒன்றும் ஆகவில்லை' என்று இன்னொன்றை வாயில் போடுவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டி வையுங்கள். கேக் என்று எழுதியிருப்பதைக் குழந்தை கேக் என்றுதான் நினைக்கும்.

ரெனோ: இண்டிகா அளவு எத்தனை சதவீதம்?

இந்தக் கேள்வி இன்று போதும். இதற்கு இனிப் பதில் எழுதமாட்டேன்.

போர்ட்லண்ட்: பூ முழுக்க வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. பிசினா, பூஞ்சையா?

கேக்கின் மேல் பூசிய ஐசிங் போல இருக்கும் பிசின், இந்த ரகத்தின் அடையாளமே. அதனால்தான் இதில் பூஞ்சை ஒளிந்துகொள்ளும். நகை பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். பிசின் சுரப்பி என்றால் சிறு காம்பும் அதன் உச்சியில் கண்ணாடி உருண்டையும் தெரியும், குண்டூசித் தலை மாதிரி. பூஞ்சை என்றால் உருண்டை இருக்காது. மாவு தூவியதுபோலப் படர்ந்தோ பஞ்சு நூலாகவோ இருக்கும், மக்கிய வாசனை வரும். அப்படி இருந்தால் துடைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். பொட்டலத்தின் தொகுதி எண்ணோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.