40 பேர், 10 டாலர், 63 ஆட்டம்: பிராக்கெட்டை எங்கிருந்து நிரப்புவது?

வாசகர் கேள்வி: சென்னையிலிருந்து மாற்றலாகி வட கரோலைனாவில் ராலே நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மார்ச் வந்தால் ஆபீஸில் எல்லாரும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டிக்கு 'பிராக்கெட்' நிரப்புவார்களாம், அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதுவது. தலைக்கு 10 டாலர், சுமார் 40 பேர். எனக்குக் கிரிக்கெட் தெரியும். கூடைப்பந்து பள்ளிக்கூட பி.டி. பீரியடோடு சரி. ஒரே ஒரு சாயந்திரம்தான் இதற்கு ஒதுக்க முடியும். பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, மானம் போகாமல் நிரப்ப வழி சொல்லுங்கள்.

பதில்: கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். புதிதாக நிரப்புகிற எல்லாரும் தாளின் இடது மேல் மூலையில் பேனாவை வைக்கிறார்கள். முதல் சுற்றின் 32 ஆட்டங்களோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய், சாம்பியனை அரைத் தூக்கத்தில் எழுதுகிறார்கள். மதிப்பெண் இருப்பது அந்தப் பக்கம் இல்லை.

முதலில் தாளைப் புரிந்துகொள்வோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் இந்தப் போட்டி 1939-இல் வெறும் 8 அணிகளோடு தொடங்கியது. 1985-இல் 64 அணிகள், 2011-இல் 68. தோற்றால் வெளியே; லீக் சுற்று, இரண்டாவது வாய்ப்பு எதுவும் கிடையாது. மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 12 பேர் கொண்ட குழு அணிகளை அறிவிக்கும். தத்தம் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு) கோப்பையை வென்றதால் நேராக உள்ளே வருபவர்கள் போக, மீதியைக் குழுவே தேர்வு செய்கிறது. 2025-இல் அது 31 பேர், 37 பேர் என்று இருந்தது. நான்கு மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண். முதல் சுற்றில் 1-ஆம் எண் 16-உடனும், 2-ஆம் எண் 15-உடனும் மோதும். இப்படியே போய் 8-ஆம் எண்ணும் 9-ஆம் எண்ணும் மோதும். செவ்வாய், புதன் இரவுகளில் ஒஹையோ மாநிலம் டேட்டனில் நடக்கும் நான்கு முன்னோட்ட ஆட்டங்களைப் பெரும்பாலான ஆபீஸ்களில் கணக்கில் எடுப்பதில்லை. அவை போக மிச்சம் 63 ஆட்டங்கள்.

அத்தனையையும் சரியாகச் சொல்லிவிடலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று கேட்டு ராஜாவின் களஞ்சியத்தைக் காலி செய்த கதை தெரியும்தானே? அந்தப் பலகையின் 64-ஆவது கட்டத்தில் எத்தனை நெல் வருமோ, அத்தனை விதமாக இந்தத் தாளை நிரப்பலாம்: ஏறக்குறைய 92,000 கோடி கோடி. 2014-இல் ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் வாரன் பஃபெட்டின் பின்பலத்தோடு, பிசகில்லாத பிராக்கெட்டுக்கு 100 கோடி டாலர் என்று அறிவித்தது. யாருக்கும் கொடுக்க வேண்டி வரவில்லை. 2019-இல் ஒஹையோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களையும் சரியாகச் சொன்னார், 50-ஆவது கவிழ்த்துவிட்டது.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். பெரும்பாலான ஆபீஸ்களில் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும் முறைதான்: முதல் சுற்றில் ஆட்டத்துக்கு 1, பிறகு 2, 4, 8, 16, இறுதிக்கு 32. கூட்டிப் பாருங்கள். முதல் சுற்றின் 32 ஆட்டங்களுக்கும் சேர்த்து 32 மதிப்பெண். இறுதி ஆட்டம் ஒன்றுக்கே 32. அதோடு, சாம்பியனைச் சரியாகச் சொன்னால் அந்த அணி வழியில் ஜெயித்த ஆறு ஆட்டங்களும் உங்கள் கணக்கில் வரும். அது 63. மொத்தம் 192-இல் மூன்றில் ஒரு பங்கை ஒரே பெயர் கொண்டுவந்து தருகிறது. உங்கள் ஒரு சாயந்திரத்தில் பாதியை அந்தப் பெயருக்கே செலவிடுங்கள்.

அந்தப் பெயரை எங்கே தேடுவது? 1985-இலிருந்து 2025 வரை நடந்த 40 போட்டிகளில் (2020-இல் கொரோனாவால் நடக்கவில்லை) 26 முறை 1-ஆம் எண் அணிதான் கோப்பையை எடுத்தது. 5-ஆம் எண் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. "8-ஆம் எண் வில்லனோவா ஜெயிக்கவில்லையா?" என்று யாராவது மடக்கினால், அது 1985 என்று சொல்லுங்கள். பந்தை வைத்துக்கொண்டு இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் அந்தப் போட்டியில் இல்லை. அடுத்த பருவத்தில்தான் வந்தது. வில்லனோவா பந்தை நிதானமாகக் கைமாற்றி, எறிந்த 28-இல் 22-ஐக் கூடையில் போட்டு, ஜார்ஜ்டவுனை 66-64 என்று சாய்த்தது. இன்றைக்கு 30 விநாடிக் கடிகாரம் தலைக்கு மேல் ஓடுகிறது. அந்த ஆட்டத்தை உதாரணமாக வைத்து 8-ஆம் எண்ணுக்குக் கோப்பை கொடுக்காதீர்கள்.

ஆக, நான்கு 1-ஆம் எண் அணிகளில் ஒன்று, மிஞ்சினால் ஒரு 2-ஆம் எண். அவற்றுக்குள் எது? இங்கேதான் நீங்கள் ராலேயில் இருப்பது கைகொடுக்கும்.

உங்கள் ஆபீஸிலிருந்து அரை மணி, முக்கால் மணி காரோட்டத்துக்குள் மூன்று கோட்டைகள் இருக்கின்றன: டர்ஹமில் டியூக், சேப்பல் ஹில்லில் வட கரோலைனா, ராலேயிலேயே என்.சி. ஸ்டேட். மூன்றும் சேர்ந்து 13 முறை கோப்பை எடுத்தவை. அங்கே இது விளையாட்டு இல்லை, குலதெய்வ விவகாரம். 40 பேரில் பெரும்பங்கு டியூக் அல்லது வட கரோலைனாவைச் சாம்பியனாக எழுதும். பாதிப் பேருக்கு அது ஆராய்ச்சி அல்ல, பக்தி. டியூக்கே ஜெயித்துவிட்டது என்று வையுங்கள். அதை எழுதிய 12 பேரோடு நீங்களும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் முந்துவதற்கு மற்ற ஆட்டங்கள் எல்லாம் உங்களுக்குச் சாதகமாக விழ வேண்டும். அதே பலமுள்ள, ஆனால் அந்த ஊரில் யாரும் சீந்தாத ஓர் அணியை எழுதி அது ஜெயித்தால் போட்டிக்கு இரண்டு மூன்று பேர்தான். ஜெயிக்கும் வாய்ப்பு கொஞ்சம் குறைந்தாலும் கூட்டம் அதைவிட நிறையக் குறைகிறது. டியூக்கை அரையிறுதிவரை தாராளமாக அனுப்புங்கள். கோப்பையை மட்டும் டெக்சஸுக்கோ ஃபுளோரிடாவுக்கோ அரிசோனாவுக்கோ, அந்த ஆண்டு எது பலமாக இருக்கிறதோ அதற்குக் கொடுங்கள். 10 பேர் மட்டுமே ஆடும் சின்னக் கூட்டமாக இருந்தால் இந்தச் சாமர்த்தியம் தேவையில்லை. எல்லாரும் சொல்கிற அணியையே எழுதிவிடலாம்.

பலத்தை அளக்க செய்தித்தாள் புகழுரைகளை நம்ப வேண்டாம். கென் பொமராய் என்பவர் நடத்தும் 'கென்பாம்' தரவரிசை இருக்கிறது. ஓர் அணி 100 முறை பந்தைக் கையில் எடுத்தால் எத்தனை புள்ளி சேர்க்கும், எதிரணிக்கு எத்தனை விட்டுக்கொடுக்கும் என்று, எதிரிகளின் தரத்தையும் கணக்கில் கொண்டு சொல்வது. தாக்குதல், தடுப்பு இரண்டிலும் முதல் இருபதுக்குள் வரும் அணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். கோப்பை பெரும்பாலும் அதற்குள்ளிருந்தே வரும். முக்கிய ஆட்டக்காரர் யாருக்காவது கடைசி வாரத்தில் கணுக்கால் பிசகியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இவ்வளவு சொல்கிறேனே, 2018-இல் நான் சாம்பியனாக எழுதியது வர்ஜீனியாவை.  முதல் சுற்று வெள்ளிக்கிழமை இரவே என் தாள் செத்துப்போனது. அதுவரை 1-ஆம் எண் ஆண்கள் அணி ஒன்றுகூட 16-ஆம் எண்ணிடம் தோற்றதில்லை. பால்டிமோர் பக்கத்து யு.எம்.பி.சி., கூடைப்பந்தைவிடச் செஸ் அணிக்காகப் பேர்போன பல்கலைக்கழகம், 74-54 என்று வர்ஜீனியாவைத் துவைத்துக் காயப்போட்டது. ரோஷத்தில் அடுத்த ஆண்டு வர்ஜீனியாவைத் தொடவே இல்லை. 2019-இல் கோப்பை எடுத்தது அவர்கள்தான். 2023-இல் பர்டியூவுக்கும் இதே கதி, ஃபேர்லி டிக்கின்சனிடம். 1985-இலிருந்து 2025 வரை 160 ஆட்டத்தில் இரண்டு முறை. ஆகவே 16-ஆம் எண்ணை எழுதாதீர்கள், எந்த ஆண்டும்.

ஏன் இப்படி நடக்கிறது? உங்களுக்குக் கிரிக்கெட் தெரியும் என்கிறீர்கள். ஐந்து நாள் டெஸ்டில் பலவீனமான அணி தப்புவது கஷ்டம், இருபது ஓவரில் யாரும் யாரையும் அடிக்கலாம். தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஏழு ஆட்டத் தொடர். இங்கே ஒரே ஆட்டம், அதுவும் 40 நிமிடம். சின்ன அணி நிதானமாக ஆடி மொத்த வாய்ப்புகளைக் குறைத்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்துகொண்டே இருந்தால், அந்த ஒரு நாள் கை பொருந்திவிட்டால் போதும். 2024-இல் 14-ஆம் எண் ஓக்லண்டின் ஜாக் கோல்கி பத்து மூன்று-புள்ளி எறிகளைப் போட்டுக் கென்டக்கியை வீட்டுக்கு அனுப்பியது அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு நாலாபக்கமும் அதிர்ச்சித் தோல்விகளை எழுதிவிடாதீர்கள். 5-க்கும் 12-க்கும் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி எல்லாரும் உங்களுக்கு ஞானம் வழங்குவார்கள். 12-ஆம் எண் ஜெயிப்பது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது உண்மைதான். நான்கு மண்டலத்தில் ஒன்றிலாவது அது நடக்க ஐந்துக்கு நான்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் எந்த மண்டலத்தில்? குறிப்பிட்ட ஒன்றைத் தொட்டால் மூன்றில் இரண்டு முறை தவறும். பிடித்தால் கிடைப்பதோ 1 மதிப்பெண். ஆசைக்கு ஒன்று எழுதுங்கள், அடுத்த சுற்றிலேயே அதை வெட்டிவிடுங்கள். கடைசி எட்டுவரை போன 12-ஆம் எண் அணிகள் 2002-இல் மிசௌரி, 2021-இல் ஆரிகன் ஸ்டேட், அவ்வளவுதான். 8-க்கும் 9-க்கும் நடப்பது பூவா தலையா. அதில் மூளையைச் செலவழிக்காதீர்கள், ஜெயிப்பவர் பெரும்பாலும் அடுத்து 1-ஆம் எண்ணிடம் மாட்டுவார்.

சின்னக் கல்லூரிகளின் காலமும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆட்டக்காரர்கள் சுலபமாகக் கல்லூரி மாறலாம், 2021-இலிருந்து தம் பெயரை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம் என்றானதும், சின்ன இடத்தில் பளிச்சிடுபவரை அடுத்த ஆண்டே பெரிய இடம் கொத்திக்கொண்டு போகிறது. 2022-இல் 15-ஆம் எண் செயின்ட் பீட்டர்ஸ் கடைசி எட்டுவரை வந்து ஊரையே கிறங்கடித்தது. 2025-இலோ கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய கான்ஃபரன்ஸ்களைச் சேர்ந்தவை. முன்னோட்ட ஆட்டங்கள் போக, 13-ஆம் எண்ணிலோ அதற்குக் கீழோ எவரும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தாள் நிரப்பும்போது பிடித்தம் பார்க்கக் கூடாது.

அரையிறுதிக்கு நான்கு பெயர் வேண்டும். நான்கும் 1-ஆம் எண்ணாக வந்தது 2008, 2025 என்று இரண்டே முறை. 1985-க்குப் பிறகு ஒன்றுகூட வராதது 2006, 2011, 2023. ஆக இரண்டு 1-ஆம் எண், ஒரு 2, ஒரு 3 என்று பிரித்தால் மோசம் போகாது. 11-ஆம் எண் ஒன்றைத் திணிக்க ஆபீஸில் யாராவது தூண்டுவார்கள், அதுவும் என்.சி. ஸ்டேட்காரராகத்தான் இருப்பார். அவர்கள் 2024-இல் கான்ஃபரன்ஸ் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்து, 11-ஆம் எண்ணாக உள்ளே வந்து, டியூக்கையும் தோற்கடித்து அரையிறுதிவரை போனார்கள். 1983-இல் ஹூஸ்டனை 54-52 என்று கடைசி விநாடியில் வென்ற கதையையும் சேர்த்துச் சொல்வார். ரசித்துக் கேளுங்கள், எழுதாதீர்கள். டியூக்காரர்களிடம் 2014-ஐப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்: ராலேயிலேயே நடந்த ஆட்டத்தில் 14-ஆம் எண் மெர்சரிடம் தோற்றார்கள்.

நிரப்பும் முன் ஆபீஸ் விதியை ஒரு தடவை படியுங்கள். சில இடங்களில், கீழ்வரிசை அணி ஜெயித்தால் அதன் எண்ணையும் போனஸாகக் கொடுப்பார்கள். அப்படியென்றால் ஒரு 12-ஆம் எண் வெற்றி 13 மதிப்பெண்; நான் மேலே சொன்ன கஞ்சத்தனம் முழுக்கத் தலைகீழாகிவிடும், 10, 11, 12 எண்களில் துணிந்து இறங்கலாம். பணம் கட்டி ஆடுவது பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், கம்பெனி விதியும் தனி. மனசில் உறுத்தல் இருந்தால் பணமில்லாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஞாயிறு இரவே அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம்; காயச் செய்திகள் செவ்வாய், புதனில் வரும். வியாழன் நண்பகல் முதல் ஆட்டம் தொடங்கும் முன் பூட்டிவிடுவார்கள், ஆகவே புதன் இரவு உங்கள் சாயந்திரம். தாளின் அடியில், சமநிலை வந்தால் பிரிப்பதற்காக, இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளியைக் கேட்டிருப்பார்கள். 2022-இல் 141, அடுத்த இரண்டு ஆண்டும் 135, 2025-இல் 128. நீங்கள் 138 என்று எழுதுங்கள்.