அன்றாட வேலைகளில் விசுவாசப் பாடம் எப்படிக் கிடைக்கும்?

ஞாயிறு கேட்ட பிரசங்கம் திங்களன்று மறந்துபோகிறது, வீட்டு வேலைக்கு நடுவே விசுவாசப் பாடம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்படியிலேயே கிடைக்கும்.

இயேசு சொன்ன உவமைகளைப் பாருங்கள்: விதைப்பு, மீன் வலை, காசு தொலைத்தவள் வீடு பெருக்குவது. மத்தேயு 13:33-ல் ஒரு பெண் புளித்த மாவை மூன்று படி மாவில் அடக்கிவைக்கிறாள். நம்ம ஊர்ப் படியை நினைத்துக் கொஞ்சம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். கிரேக்க மூலத்தில் வரும் அளவு ஏறக்குறைய 40 லிட்டர். ஒரு தெருவுக்கே பந்தி வைக்கலாம்!

அது கோதுமை மாவு, நமக்கு இட்லி மாவு. மதுரையில் சித்திரை மாத வெக்கைக்கு, ராத்திரி உப்புப் போட்டுக் கையால் கலக்கி வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி விளிம்பில் வழிந்திருக்கும். மார்கழியில் அசையவே அசையாது. நான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். "தொடாதப்பா, அது பாட்டுக்குப் பொங்கட்டும்" என்பார் அம்மா. ஜெபத்துக்குப் பதில் தாமதமாகும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மூடிய பாத்திரம்தான்.

அடுப்படியில் பாடம் கண்டவர் வேறு ஒருவரும் உண்டு: மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, கிராமத்து மக்கள் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதைத் தம் இறையியலுக்குள்ளேயே கொண்டுவந்தவர்.

ஒன்று மட்டும்: எதைக் கண்டாலும் உடனே ஒரு வசனத்தை ஒட்டாதீர்கள். முதலில் கண்முன் இருக்கும் அந்தப் பொருளையே பொறுமையாகப் பாருங்கள். இன்று ராத்திரி மத்தேயு 13-ஐ வாசித்துவிட்டு மாவைக் கலக்கி வையுங்கள்.