தம்பியை ஆய்வில் சேர்க்கக் கையெழுத்திட்டது பிழையா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளியில் இருக்கிறோம். பத்து நாட்களுக்கு முன் என் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, வயிற்றுக்குள் குருதி கசியும் நிலையில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அவர் உணர்வின்றிக் கிடந்தபோது, குருதிப்பெருக்கு பற்றிய ஆய்வொன்றில் அவரைச் சேர்க்க என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள், பதற்றத்தில் வைத்துவிட்டேன். "கூடப் பிறந்தவனையே பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டாய்" என்று பெரியம்மா ஏசுகிறார். மருந்துக்குப் பதிலாக வெறும் சேலைனை ஏற்றியிருப்பார்களோ? கையெழுத்தை மீளப் பெறலாமா?

பதில்: மீளப் பெறலாம், சகோதரி. எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே பெறலாம். அதனால் தம்பியின் சிகிச்சையில் எதுவும் குறையக்கூடாது என்பது, இத்தகைய ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்களின் அடிப்படை நிபந்தனை. ஆனால் நீங்கள் கையெழுத்திட்டது எதற்கு என்பதை விளங்கிக்கொண்ட பிறகு முடிவெடுங்கள்.

உங்களை வாட்டுவது அந்த "வெறும் சேலைன்" என்ற எண்ணம்தான் என்று நினைக்கிறேன். கடுமையாகக் காயமடைந்தவர்களைச் சேர்க்கும் ஆய்வில், குருதி ஏற்றுதல், சத்திரசிகிச்சை, வலி நிவாரணம் ஆகிய வழமையான சிகிச்சைகள் இரு பிரிவினருக்கும் முழுமையாகவே கிடைக்கும். பயன் தருமா என்று மருத்துவ உலகுக்கே உறுதியாகத் தெரியாத ஒன்று மட்டும்தான் ஒரு பிரிவினருக்கு மேலதிகமாகத் தரப்படும். 2010ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான கிராஷ்-2 ஆய்வை எடுத்துக்கொள்வோம். 40 நாடுகளில், 274 வைத்தியசாலைகளில், 20,211 நோயாளர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். உறைந்த குருதி மீண்டும் கரையாமல் தடுக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் ஒரு பாதியினருக்கும், வெறும் சேலைன் மறு பாதியினருக்கும் ஏற்றப்பட்டது. மருந்துப் பொதிகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. வேறுபாடு மேலே அச்சிட்ட இலக்கத்தில் மட்டுமே. பொதியைப் பிரித்த வைத்தியருக்கும் உள்ளே இருப்பது எது என்று தெரியாது. மருந்து பெற்றவர்களில் 14.5 வீதத்தினரும், பெறாதவர்களில் 16 வீதத்தினரும் இறந்தார்கள். சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆயிரம் பேரில் பதினைந்து உயிர்கள் அது. இன்று விபத்தில் குருதி இழந்து வருவோருக்கு உலகெங்கும் இம்மருந்து ஏற்றப்படுவதற்கு, அன்று கையெழுத்திட்ட உறவினர்களும் ஒரு காரணம்.

மருந்து பெறாத பிரிவில் விழுவது எப்போதும் நட்டம் என்றும் எண்ண வேண்டாம். தலையில் அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்டீரொயிட் ஏற்றப்பட்டு வந்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சிகிச்சை அது. காரணமும் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட முதலாவது கிராஷ் ஆய்வை, ஏறத்தாழப் பாதி வழியில், 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுத்த வேண்டி வந்தது. முடிவுகளை இடையிடையே பரிசீலிக்கும் சுயாதீனக் குழு, ஸ்டீரொயிட் பெற்றவர்களில் இரு வாரங்களுக்குள் 21.1 வீதத்தினரும், பெறாதவர்களில் 17.9 வீதத்தினரும் இறந்திருந்ததைக் கண்டதே காரணம். ஆய்வு நடந்திராவிட்டால் அந்தத் தீங்கு எவர் கண்ணிலும் பட்டிராது. ஒரு விடுதியில் நாளுக்கு இருவர் மூவரைப் பார்க்கும் வைத்தியருக்கு, எவ்வளவு அனுபவம் இருந்தாலும், நூற்றுக்கு மூன்று என்ற வேறுபாடு தென்படாது.

ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினார்கள் என்பதற்கும் விடை இந்த ஆய்வுகளிலேயே இருக்கிறது. கிராஷ்-2 தரவுகளை 2011ஆம் ஆண்டில் மீண்டும் பகுத்துப் பார்த்தபோது, முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற்றப்பட்டவர்களே அதிக பயன் பெற்றது தெரிந்தது. மூன்று மணித்தியாலம் கடந்து ஏற்றப்பட்டவர்களிடையே குருதிப்பெருக்கால் நேர்ந்த மரணங்கள் கூடியே இருந்தன. புல்மோட்டையிலோ வெருகலிலோ அடிபட்ட ஒருவரை நகருக்குக் கொண்டுவருவதற்குள் எவ்வளவு நேரம் கரைந்துவிடும் என்பது நம் மாவட்டத்தவருக்குத் தெரியும். அந்த நிலையில் வைத்தியர் உங்களோடு அரை மணித்தியாலம் இருந்து பேசியிருந்தால் அதுவே தம்பிக்குச் செய்த தீங்காகியிருக்கும். உணர்வற்றவரின் சார்பில் நெருங்கிய உறவினர் சம்மதம் தருவதும், உறவினர் எவரும் இல்லாதபோது ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு முதலில் சேர்த்துப் பின்னர் சம்மதம் கேட்பதும் இவ்வகை ஆய்வுகளில் நடைமுறையில் உள்ளவை. அவசரத்தில் சுருங்கிப்போன விளக்கத்தைப் பின்னர் முழுமையாகத் தருவது ஆய்வுக் குழுவின் கடமை. அதைத்தான் இப்போது நீங்கள் கேட்டுப் பெற வேண்டும்.

சம்மதப் படிவத்தோடு ஒரு தகவல் தாளும் தந்திருப்பார்கள். தமிழில் தரப்படாவிட்டால் தமிழில் கேளுங்கள். நீங்கள் வாசித்து விளங்கக்கூடிய மொழியில் அது இருந்தாக வேண்டும். எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதித்தது, இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் ஆய்வின் பதிவிலக்கம் என்ன, ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கும் நட்டஈட்டுக்கும் யார் பொறுப்பு, யாருடைய தொலைபேசி இலக்கத்துக்குப் பேசலாம் என்ற விபரங்களை அதில் தேடுங்கள். ஆய்வுக்காகச் செய்யப்படும் எந்தப் பரிசோதனைக்கும் உங்களிடம் பணம் கேட்கக்கூடாது. கேட்டால் அந்த ஒழுக்கநெறிக் குழுவுக்கே நேரடியாக எழுதுங்கள்.

விலகுவதென்றே முடிவெடுத்தால் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. அன்றுவரை சேர்ந்த தகவல்களை ஆய்வில் வைத்திருப்பார்களா என்பது படிவத்தில் எழுதியிருக்கும். சேமித்த குருதி மாதிரி ஏதேனும் இருந்தால் அதை அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் தம்பி தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்துவிட்டாரென்றால், இந்த முடிவை நீங்களோ பெரியம்மாவோ எடுக்க வேண்டியதில்லை. நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். ஆய்வுக் குழுவினரை அழைத்து அவருக்கு விளக்கச் செய்யுங்கள். தொடர்வதா விலகுவதா என்பதை அவரே தீர்மானித்துக் கையெழுத்திடட்டும்.