ஆளில்லாத கரை

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடற்கரைக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நானும் நண்பர்கள் மூன்று பேரும் வரும் தை மாதம் மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை கடலோரமாகவே நடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நான்கு நாள். ஆளில்லாத கரையில் கூடாரம் போட்டுத் தங்கி நடக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. சாட்டிலைட் படத்தைப் பார்த்து வழியைக் குறித்துவிட்டோம். பாலாற்று முகத்துவாரம் மணல்மேடாகத்தான் தெரிகிறது, நடந்தே தாண்டிவிடலாம் என்று நினைக்கிறோம். ஷூவா, செருப்பா, வெறுங்காலா என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. பை எத்தனை கிலோ இருக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம், பவர் பேங்க் எத்தனை வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ச.

அன்புள்ள ச.,

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வயலூர்ப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பாலாற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வருடம் முகத்துவாரம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று யாரையாவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வீடு வந்தேன். மறுநாள் உங்கள் கடிதம். நான்கு பேர் நடக்கக் கிளம்புகிறீர்கள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உங்கள் வயதில் நான் நடந்த கரை அது. அந்தச் சந்தோஷத்தோடுதான் திட்டவும் போகிறேன்.

பவர் பேங்க் ஆளுக்கு ஒன்று போதும். வழியெல்லாம் டீக்கடை இருக்கிறது, ஒரு டீ குடிக்கும் நேரம் சார்ஜ் போட யாரும் மறுக்க மாட்டார்கள். பை தண்ணீரோடு சேர்த்து எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. நான்கு நாள் என்பதை ஏழு நாள் ஆக்குங்கள். சாலை வழியாகவே நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் அது. மணலில் ஒரு நாளைக்குப் பதினைந்து நடந்தால் நல்ல நடை. அதிலும் இந்தக் கரை கடலைப் பார்த்துச் சரிந்த கரை. தெற்கு நோக்கிப் போகும்போது இடது கால் நாள் முழுக்கப் பள்ளத்திலும் வலது கால் மேட்டிலும் விழும். இரண்டாம் நாள் சாயங்காலம் இடுப்பு அதைச் சொல்லும். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஈர மணல் அகலமாகவும் கெட்டியாகவும் கிடக்கும், அப்போது நடங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறி இறங்கும். தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. வாடைக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வரும்.

சரி, இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆளில்லாத கரை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதில்.

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அப்படி ஒரு கரை கிடையாது. வெண்புருஷம், கோகிலமேடு, சதுரங்கப்பட்டினம், உய்யாலிக்குப்பம், பாலாறு தாண்டினால் கூவத்தூர் பக்கத்துக் கடலூர் என்று குப்பத்துக்குப் பின் குப்பமாகத்தான் அந்தக் கரை போகிறது. சாட்டிலைட் படத்தில் வெறும் மணலாகத் தெரிவது படகு ஏற்றும் துறை, வலை உலர்த்தும் இடம், பெண்கள் கருவாடு காயப்போடும் களம். நீங்கள் கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் விடிகாலை நான்கு மணிக்கு உங்கள் தலைமாட்டில் படகைத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒருவர் வீட்டு வாசலில் கேட்காமல் படுப்பீர்களா? ஊருக்குள் போய்ப் பஞ்சாயத்தாரைப் பார்த்து, நான்கு பேர் நடந்து வருகிறோம், இன்றைக்கு ராத்திரி எங்கே தங்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் மாரியம்மன் கோயில் மண்டபத்தைக் காட்டுவார்கள். கூடாரமே தேவைப்படாது. தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரையும் அதுதான். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு திரியாதீர்கள்.

கரையில் ஆள் இருக்கிறார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது மட்டுமில்லை, உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. முகத்துவாரத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த படம் எந்த மாதம் எடுத்தது? சித்திரையில் எடுத்ததாக இருந்தால் பாலாறு மணலாகத்தான் தெரியும். ஆற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் ஆறு அந்த மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே உடைக்கும். போன வருடம் உடைத்த இடத்தில் இந்த வருடம் உடைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நீங்கள் போகும் தை மாதம் வெயில் தாழ்ந்து காற்று நன்றாக இருக்கும் மாதம்தான். ஆனால் மழை முடிந்து வாய் இன்னும் மூடாத மாதமும் அதுவே. நடக்க நல்ல காலமும் தாண்ட மோசமான காலமும் ஒன்றாக வருகின்றன. இந்தக் கரையில் நடக்கத் திட்டம் போடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஷூ அப்புறம்.

தண்ணீர் குறுகலாக இருக்கும் இடத்தில் இறங்கத்தான் மனம் சொல்லும். தப்பு. குறுகின இடத்தில்தான் ஆழமும் இழுப்பும். வற்றுநீரில் உள்ளே தேங்கிய தண்ணீர் எல்லாம் அந்த ஒரு வாய் வழியாகத்தான் வெளியே ஓடும். கரை ஓரத்து மணல் புதிதாக வந்து படிந்தது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், கால் வைத்தால் பொலபொலவென்று உள்ளே போகும்.

இதையெல்லாம் நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சுனாமிக்கு முன்பு ஒரு தை மாதம், நானும் நண்பனும் அதே பாலாற்று வாயில் காலை எட்டு மணிக்கு வந்து நின்றோம். எதிர்க்கரை நாற்பதடி இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடி மணலில் கோடு கோடாகத் தெரிந்தது. முழங்கால் அளவுதான் என்று நண்பன் சொன்னான். கொஞ்ச தூரத்தில் ஒரு ஆயா இடுப்பில் கூடையோடு குனிந்து மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தோம். பார்த்துவிட்டு இறங்கினோம்.

ஆறாவது எட்டில் காலுக்கடியில் மணல் நகர்ந்தது. வழுக்கவில்லை, நகர்ந்தது. குதிகாலைச் சுற்றிக் குழி பறித்துக்கொண்டே போனது. அடுத்த எட்டு வைக்கத் தரை இல்லை. இடுப்பு, மார்பு. பையின் வாரை மார்பில் பூட்டியிருந்தேன், அது தண்ணீர் குடித்துக் கனத்து என்னைக் கடல் பக்கமாக மல்லாக்கத் தள்ளியது. நண்பனின் தொப்பி எனக்கு முன்னால் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொப்பி போன வேகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

ஆயாவின் கூச்சல் கேட்டது. எங்களைப் பார்த்தல்ல, படகுப் பக்கம் திரும்பிக் கத்தினார். வலைக் கிழிசலை அடைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து கயிற்றை வீசினார்கள். இழுத்துப் போட்டார்கள். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும்போது ஆயா கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

“கரையில ஒருத்தி நிக்கிறேனே, ஒரு வார்த்த கேட்டா வாய் வலிக்குமாப்பா?”

அவ்வளவுதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. அவரை நான் பார்த்தேன், ஆனால் கேட்பதற்கு ஆள் என்று எண்ணவில்லை. மட்டி பொறுக்கும் கிழவி, அவ்வளவுதான் எனக்கு. உங்கள் கடிதத்தில் ஆளில்லாத என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் மட்டும் வந்ததல்ல, தம்பி.

அவர் வீட்டில் கஞ்சி கொடுத்தார். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. ஈரத்துணியெல்லாம் காய்ந்த பிறகு மதியத்துக்கு மேல் எங்களை அதே வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இறங்கிய இடத்துக்கு அல்ல, கடல் பக்கமாக வெகுதூரம் சுற்றி. அங்கே அகலம் நான்கு மடங்கு இருந்தது, அலை வேறு உடைந்துகொண்டிருந்தது. எனக்குக் கால் நடுங்கியது. “நொர எங்க ஒடையுதோ அங்கதான் மேடு” என்றார். கையில் இருந்த கம்பால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் போனார். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண். அவ்வளவுதான். எதிர்க்கரையில் எங்களை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே போனார்.

நுரை உடையும் இடம் மேடு என்று இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை வைத்து நீங்களே இறங்கிவிடாதீர்கள். எந்த நுரை, எந்த நேரம், நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதெல்லாம் அந்த ஊரில் இருப்பவருக்குத்தான் தெரியும். கேளுங்கள். இறங்காதே என்று சொன்னால் இறங்காதீர்கள். வயலூர்ப் பாலம் எதற்கு இருக்கிறது? கடலோரமாகவே நடந்தோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக் கரையில் எப்படியும் விடமாட்டார்கள், முன்பே சாலைக்கு ஏறிச் சதுரங்கப்பட்டினத்தில்தான் மறுபடி இறங்க முடியும். கடைசியில் புதுச்சேரியை நெருங்கும்போது பொம்மையார்பாளையம், சின்னமுதலியார்சாவடி பக்கம் மணலே இருக்காது, கருங்கல்தான். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும் கரை இது. புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கல் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே மறித்துவிட்டன, வடக்கே இருந்த குப்பங்களின் கரையைக் கடல் தின்றுவிட்டது. வலை காயப்போட இடமில்லாமல் தெருவில் போட்டிருப்பார்கள். அந்தத் தெரு வழியாகத்தான் நீங்களும் நடக்க வேண்டும். மிதிக்காமல் நடங்கள்.

இன்னொரு வாய் இருக்கிறது, அதை நீங்கள் குறிப்பிடவே இல்லை. ஆலம்பரைக் கோட்டைக்குத் தெற்கே எடையந்திட்டுக் கழிமுகம். கழுவெளி ஏரியின் தண்ணீர் கடலுக்குப் போகும் வாய் அது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை, மிச்சத்தில் கொஞ்சம் 2004 சுனாமியில் போயிற்று. கோட்டையை நிதானமாகப் பாருங்கள், ஆனால் அங்கே தண்ணீரில் கால் வைக்கும் யோசனையே வேண்டாம். படகுக்காரர்கள் இருப்பார்கள், கேட்கும் காசைக் கொடுத்து அக்கரை போங்கள், பேரம் பேசாதீர்கள்.

தண்ணீர் ஒரு நாளைக்கு ஆளுக்கு நான்கு லிட்டராவது குடிப்பீர்கள், அத்தனையையும் சுமக்க வேண்டியதில்லை. குப்பத்துக்குப் பின்னால் மணல்மேட்டின் சரிவில் ஊற்று தோண்டி வைத்திருப்பார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் எப்படி என்று கேட்பீர்கள். மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேட்டை வெட்டி மணல் அள்ளினால் அந்தத் தண்ணீர் போய்விடும், நிறைய ஊரில் போய்விட்டது. இருக்கும் ஊற்றில் உங்கள் பாட்டிலை முக்காதீர்கள். சிரட்டையோ சொம்போ பக்கத்திலேயே கிடக்கும், அதில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் பெண்கள் முடித்த பிறகு.

செருப்பைப் பற்றித்தானே கேட்டிருந்தீர்கள். ஷூ வேண்டாம், மணல் புகுந்து முதல் நாளே கொப்புளம் வரும். ஈர மணலில் வெறுங்கால். அடப்பங்கொடி படர்ந்த மேட்டுக்கு ஏறினால் வாரோடு கூடிய செருப்பு, ஏனென்றால் பக்கத்திலேயே ராவணன் மீசைப் புல் இருக்கும், அதன் முள் நேராக உள்ளே இறங்கும். போய்வந்து எழுதுங்கள். இந்த வருடம் பாலாறு எந்தப் பக்கம் திறந்திருந்தது, யார் உங்களுக்கு வழி காட்டினார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.