ஆண்டிறுதி வேலைகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவ் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண்டிறுதியைப் பற்றியவை. 2026 பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்கிவிட்டதால், பரிசளிப்பு, ஆறாம் ஆண்டு மாணவரின் விடைபெறு விழா, பாலர் பள்ளி நிறைவு விழா, கூட்டுப்பணி எல்லாம் நவம்பர் 8 தீபாவளிக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் இடையில் வந்து குவிகின்றன. மழையும் அதே வாரங்களில்தான்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 120 மாணவர்கள். பரிசளிப்பு விழா எட்டரைக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கும் முடிவதில்லை. பாதியிலேயே பெற்றோர் எழுந்து போய்விடுகிறார்கள். எதைக் குறைப்பது?
- பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்

பதில்: பரிசைக் குறைக்காதீர்கள், இடைவெளிகளைக் குறையுங்கள். ஒரு பிள்ளையின் பெயரை அழைத்து, அது மேடையேறிப் பரிசு வாங்கி, படம் எடுத்து இறங்க ஏறத்தாழ 25 விநாடி ஆகும். 120 பிள்ளைகளுக்கும் சேர்த்து 50 நிமிடம்தான். மீதி நேரம் எங்கே போகிறது என்று கடந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலை வைத்துக் கணக்குப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாரியத் தலைவர் உரை, சிறப்புரை என நாலு பேர் பத்துப் பத்து நிமிடம் பேசினால் 40 நிமிடம். ஒவ்வொரு நடனத்துக்கும் முன்னால் ஒலிவாங்கியை நகர்த்தி, பாட்டைத் தேடி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்த நாலு நிமிடம். எட்டுப் படைப்பு என்றால் அதற்கே அரை மணிக்கு மேல் போய்விடும்.

பாடல்களை வரிசை எண் போட்டு ஒரே கைப்பேசியில் ஏற்றி, அதை விமானப் பயண நிலையில் வையுங்கள். நடுவில் அழைப்பு வந்து பாட்டு நிற்காது. ஒரு நடனம் நடக்கும்போதே அடுத்த குழு மேடையோரம் நிற்க வேண்டும். நடனத்துக்கும் பரிசுக்கும் மாறி மாறிப் போனால் மேடை மாற்றும் நேரம் பரிசு கொடுப்பதற்குள் அடங்கிவிடும். பாலர் பள்ளிப் பிள்ளைகளை முதல் அரை மணிக்குள் மேடையேற்றிவிடுங்கள். அங்கியும் தொப்பியும் போட்ட ஆறு வயதுப் பிள்ளையைப் பதினோரு மணி வரை புழுக்கத்தில் உட்கார வைப்பது கொடுமை. முதலில் களைத்து மயங்குவதும் அந்தப் பிள்ளைகள்தான்.

பரிசு மாறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வராத பிள்ளை. பட்டியலில் 14ஆம் பெயர் வரவில்லை என்றால், அதற்குப் பிறகு வரும் அத்தனை கோப்பையும் ஒரு இடம் தள்ளிப் போகும். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதன் பெயரட்டையைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை மேடையேறும்போது அட்டையை அறிவிப்பாளரிடம் நீட்ட, அவர் அதைப் பார்த்துப் படிக்கட்டும். கோப்பை எடுத்துக் கொடுப்பவர் பெயர் காதில் விழுந்த பிறகே எடுக்கட்டும். அட்டையில் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பிறப்புப் பத்திரத்தில் மலாய் எழுத்துக்கூட்டலில் இருப்பதைப் பார்த்துப் படிப்பதால்தான் ‘யாழினி’ மேடையில் ‘யாளினி’ ஆகிவிடுகிறாள். தன் பெயர் சரியாக ஒலிப்பதைக் கேட்கத்தான் அந்தப் பிள்ளை காலையிலிருந்து காத்திருக்கிறது.

யாருக்குப் பரிசு என்பதையும் யோசியுங்கள். 2021இல் ஆறாம் ஆண்டு மாணவருக்கான யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு நீக்கப்பட்ட பிறகும், வகுப்பில் முதல் மூவர் என்ற பழைய கணக்கிலேயே பல பள்ளிகள் நிற்கின்றன. சிறிய பள்ளியில் அதே எட்டுப் பிள்ளைகள் ஆறு ஆண்டும் மேடையேறுவதாகத்தான் அது முடியும். முழு வருகை, நூல் வாசிப்பு, ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டாம் அடைவுநிலையில் இருந்து நான்காம் நிலைக்கு ஏறியது, புறப்பாடம் எனத் தலைப்புகளை விரித்தால் வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளை இருக்காது. ஆறாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரையும், பரிசு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது கட்டாயம் என்றே சொல்வோம்.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் பால்வெட்டுக்கும் செம்பனை அறுப்புக்கும் போகிறவர்கள் சனிக்கிழமையும் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போகவேண்டியவர்கள். வசதி இருந்தால் ஞாயிறு வையுங்கள். நடன உடை தைக்கக் கொடுப்பதாக இருந்தால் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே அளவு கொடுத்துவிட வேண்டும். பிறகு எந்தத் தையற்காரரும் கை கொடுக்க மாட்டார்.

கேள்வி: 250 பேருக்கு நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) கோழிச் சம்பலும் பெற்றோரே சமைக்கப் போகிறோம். சென்ற முறை சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. அளவும் முறையும் சொல்லுங்கள்.
- ஓர் அம்மா

பதில்: அளவு எளிது. ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பொட்டலம் என்று வையுங்கள், 25 கிலோ. ஆளுக்கொரு துண்டு கோழி என்றால், பன்னிரண்டு துண்டாக வெட்டிய கோழி 22 வாங்கினால் மிச்சமும் இருக்கும். முட்டை ஆளுக்குப் பாதி போதும், 130 முட்டை.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு வடித்த சோற்றை ஐந்து மணிக்குச் சூட்டோடு பொட்டலம் கட்டி, பெட்டியில் அடுக்கி, பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடக் கொடுத்தால் வயிறு கெடாமல் என்ன செய்யும்? சோற்றில் இருக்கும் பாசில்லஸ் கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு இன்னும் சீக்கிரம் கெடும். சமைத்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதே விதி. பத்தரைக்கு உணவு என்றால் முதல் அண்டா ஏழரைக்கும் இரண்டாவது எட்டரைக்கும் இறங்கட்டும். பொட்டலமே வேண்டாம், அண்டாவிலிருந்து சுடச்சுடப் பரிமாறுங்கள். கட்டாயம் பொட்டலம்தான் என்றால், மூடியின் மேல் சமைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள்.

உறைந்த கோழியை இரவெல்லாம் பேசினில் வெளியே போட்டு வைக்கக்கூடாது. குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் முதல் நாளிலிருந்தே இளக விடுங்கள். வேகவைத்த முட்டையை உரிக்கும் கையில் புண்ணோ வெட்டோ இருக்கக்கூடாது. அதிலிருந்து வரும் கிருமியும் சூட்டுக்கு அசையாத நஞ்சு தரும்.

2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி உணவு கையாளுவோர் பயிற்சி முடித்து, மருத்துவப் பரிசோதனை செய்து, தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். பள்ளிக் கேண்டீன்காரரிடம் இவை இருக்கும். அடுப்பை அவரிடம் விட்டுவிட்டு, வெட்டுவதையும் பரிமாறுவதையும் பெற்றோர் எடுத்துக்கொள்வது நல்லது. முஸ்லிம் ஆசிரியர்களும் விருந்தினர்களும் இருப்பார்கள் என்பதால் கோழி ஹலால் கடையிலிருந்தே வரட்டும். கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்ட குடும்பங்கள் இருக்கும் மாதம் இது. நெத்திலி போடாத சம்பல் ஒரு சட்டி தனியாக, தனி அகப்பையோடு, தனி மேசையில். ஒரே அகப்பை இரண்டு சட்டிக்கும் போனால் அவர்கள் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்கள்.

கேள்வி: ஆண்டு மலரை நாங்களே வடிவமைத்தோம். அச்சாகி வந்தபோது கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய், படங்களும் மங்கலாக இருந்தன. ஏன்?
- ஆசிரியர்

பதில்: ‘கெ’ என்ற எழுத்தைக் கணினி யூனிகோடில் ‘க’ முதலிலும் கொம்பு பிறகும் என்றுதான் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பு வழக்கமான நிலையில் இருந்தால் அது நகர்த்தாது. பத்தி அமைப்புப் பட்டியலில் ‘வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரையானால் நோய் வேறு: ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். அச்சகத்துக்கு மூலக்கோப்பை அனுப்பாதீர்கள். எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பி.டி.எஃப். கோப்பு அனுப்பினால் அங்குள்ள கணினியில் எதுவும் மாறாது.

படம் மங்குவதற்குப் புலனம் (வாட்ஸ்அப்) தான் காரணம். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அஞ்சலட்டை அளவுக்கு 1200க்கு 1800 புள்ளி போதும். ஆனால் ஏ4 முழுப்பக்கத்துக்கு 2480க்கு 3508 தேவை. படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது.

நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 22 பக்கத்தை முடித்துக் கொடுத்தால் இரண்டு வெற்றுப் பக்கம் வரும். கடைசியாக, வகுப்புப் பக்கத்தை அச்சடித்துப் பிள்ளைகளிடமே வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பெயர் சரி என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆசிரியர் எத்தனை முறை படித்தாலும், தாயின் கண்ணுக்குப் படும் பிழை அவர் கண்ணுக்குப் படாது.

கேள்வி: கூட்டுப்பணியில் இரண்டு வகுப்பறைக்குச் சாயம் அடிக்கத் திட்டம். எவ்வளவு வாங்கலாம்? போன ஆண்டு அடித்தது ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது.
- வாரிய உறுப்பினர்

பதில்: 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறைக்குச் சுவர் 96 சதுர மீட்டர். சன்னல், கதவு, கரும்பலகை போனால் 66 இருக்கும். இரண்டு பூச்சுக்கு 132. ஒரு லிட்டர் சாயம் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை போகும். ஆக, அறைக்கு 11 முதல் 13 லிட்டர். 18 லிட்டர் டின் ஒன்றும் 5 லிட்டர் டின்கள் இரண்டும் வாங்கினால் இரண்டு அறையும் முடியும்.

உரிந்ததற்குக் காரணம் சாயம் அல்ல, சுவர். கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் சுரண்டிக் கழுவி, சீலர் எனும் அடிப்பூச்சு ஒரு முறை அடித்த பிறகே சாயம். அரை மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி படிந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. கூரைக் கசிவையோ தரை ஈரத்தையோ சரிசெய்யாமல் எந்தச் சாயமும் நிற்காது. பழைய கட்டடமானால் சுரண்டும் வேலையில் பிள்ளைகளை விடாதீர்கள், பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது.

அதே நாளில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவையும் பாருங்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள். விடுமுறையில் அதற்கு வேண்டிய காலம் தாராளம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதம் காய்ந்தும் உயிரோடு இருக்கும். தூரிகையால் தேய்க்க வேண்டும். கூரை வடிகாலில் இலை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், கழிவறைத் தொட்டி எதையும் விடாதீர்கள். கொட்ட முடியாத தண்ணீருக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணல், 10 லிட்டருக்கு 1 கிராம்.

கேள்வி: பாடநூல் மழையில் நனைந்துவிட்டது. திருப்பித் தரலாமா?
- நான்காம் ஆண்டு மாணவரின் அப்பா

பதில்: ஒளிக்காமல் இப்போதே வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். இரவல் நூல் என்பதால் பயன்படுத்த முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால் மாற்று நூலோ விலையோ தர வேண்டியிருக்கும். பத்துப் பக்கத்துக்கு ஒரு தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பக்கங்கள் நெளிந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பரிசு பெறுவோர் பட்டியலைப் புலனக் குழுவில் போடலாமா?
- பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்

பதில்: பெயரும் வகுப்பும் போதும். மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண் உள்ள பட்டியலைப் படம் பிடித்துப் போடுவது பெரிய தவறு. அது எங்கெங்கோ போய்ச் சேரும், திரும்ப வராது. உதவித்தொகை பெறுவோர், கூடுதல் உணவுத் திட்டத்தில் இருப்போர் பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள்.