தம்பியை அந்த டாக்டரிடம் கூட்டிப்போகாதீர்கள்

தம்பி தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொன்னதிலிருந்து அம்மா ஜெபமாலையும் கையுமாக அழுகிறார், 'மாற்றிவிடும்' டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கூட்டிப்போகாதீர்கள். இப்படி மாற்றப் பார்க்கும் சிகிச்சையைத் தடைசெய்யச் சொல்லி 2021 ஜூனிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்த நீதிபதியே தனக்கு இது சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

ஆனால் சட்டத்தைக் காட்டி மட்டும் அம்மாவை வழிக்குக் கொண்டுவர முடியாது. ஆண்டவர் கைவிட்டுவிடுவாரோ என்பதுதான் அவர் பயம். என் அத்தையும் அப்படித்தான். மகனுக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2022 ஜனவரியில் போப் பிரான்சிஸ், இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டிக்காமல் துணையாக இருங்கள் என்று பெற்றோரிடம் பேசியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். திருச்சபை ஓரினத் திருமணத்தை ஏற்கவில்லை, அதையும் மறைக்கவில்லை. அத்தை ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம், தம்பியைத் தனியாக விடாதீர்கள். இன்றைக்கே அவனிடம் போய் உட்காருங்கள்.