சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும் பிள்ளைகள்: மரக்கறிச் சமையல் கேள்வி பதில்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் நான். ‘வேண்டாம்’ என்று வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுகிறேன். மீன், இறைச்சி, மாசிக் கருவாடு எதுவும் சேராத சாப்பாடு பற்றியே இங்கே பேச்சு.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்: அக்கா, என் மகனுக்கு நாலு வயது. வெறும் சோறும் அப்பளமும்தான் இறங்கும். கோவா, போஞ்சி என்றால் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். அடித்தும் பார்த்துவிட்டேன்.

அடிக்க வேண்டாம் தங்கச்சி. சாப்பாட்டு நேரம் அடி வாங்கும் நேரமாகிவிட்டால் பிறகு அப்பளமும் இறங்காது.

மூக்கைப் பொத்துகிறான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அவனைத் துரத்துவது வாடை. கோவாவை நிறையத் தண்ணீரில் மூடிப்போட்டு அரை மணி நேரம் வேக விட்டால், அதிலுள்ள கந்தகம் வாடையாகக் கிளம்பிக் காம்பராவையே நிறைத்துவிடும். பெரியவர்களுக்குப் பழகிப்போயிருக்கும், பிள்ளைக்கு அப்படியில்லை.

இப்படிச் செய்து பாருங்கள். கோவாவை நூல் மாதிரி மெல்லியதாக அரியுங்கள். சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டு, அடுப்பை நன்றாக எரிய விட்டுக் கோவாவைக் கொட்டிக் கிளறுங்கள். தண்ணீர் வேண்டாம், மூடி வேண்டாம். மூன்று நாலு நிமிடத்தில் இளம்பச்சையாகப் பளபளக்கும். அந்த நேரத்தில் உப்பும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் தூவி இறக்கிவிடுங்கள். கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். அப்பளத்தை விரும்புகிற பிள்ளைக்கு நறுக்கென்ற சாமான் பிடிக்கும். போஞ்சியையும் இதே மாதிரி, நாரை எடுத்துவிட்டுச் சரிவாக, மெல்லியதாக வெட்டி வதக்கலாம்.

முதல் நாளே சாப்பிடுவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டி அளவு வையுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். நீங்கள் அதையே ருசித்துச் சாப்பிடுங்கள். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது சாப்பாட்டைக் கண்டு பயப்படுவது பிள்ளைகளின் இயல்பு. ஒரே மரக்கறியைப் பத்துப் பதினைந்து தடவை கண்ட பிறகுதான் சில பிள்ளைகள் நாக்கில் வைக்கும். நாலாம் தடவையோடு அநேகமான தாய்மார் கைவிட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

நுவரெலியாவிலிருந்து ஒரு தகப்பன்: கடலையும் கௌபியும் எவ்வளவு நேரம் அவித்தாலும் கல்லு மாதிரியே இருக்கிறது. மகள் துப்பிவிடுகிறாள். கொழும்பில் இருக்கும்போது இந்தப் பிரச்சினை இருக்கவில்லை.

உங்கள் சமையலில் பிழை இல்லை, ஊரின் உயரம்தான் காரணம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் அங்கே 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, அதனால் பயறு வேகப் பிந்தும். பிரஷர் குக்கர் ஆவியை அடைத்துச் சூட்டைக் கூட்டுவதால், மலைநாட்டு வீட்டுக்கு அது ஆடம்பரமே இல்லை. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவே ஊறப் போடுங்கள். கடைசி வரை தக்காளி, புளி, தேசிக்காய் எதுவும் சேர்க்காதீர்கள், புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும். பழைய கடலையும் லேசில் வேகாது. சிவப்புப் போஞ்சி விதை அவிப்பதானால் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். அரைகுறையாக வெந்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்.

பண்டாரவளையிலிருந்து: கரட்டை அரைத்துப் பருப்பில் கலந்து, தெரியாமல் ஊட்டிவிடுகிறேன். இது சரிதானே?

அவசரத்துக்குச் செய்யலாம், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை பருப்பையும் நம்பாது. அப்படிப் பருப்பையும் விட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கலப்பதைக் கண் முன்னே கலக்கலாமே. அதற்கு ரொட்டியை விட நல்லது நம்மிடம் இல்லை.

இரண்டு கப் கோதுமை மாவுக்கு ஒரு கப் துருவிய கரட்டும் பொடியாக வெட்டிய லீக்ஸும், அரைக் கப் தேங்காய்ப்பூ. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து கழுவுங்கள், மண் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். பச்சைத் தண்டையும் எறியாதீர்கள். முதலில் கரட், லீக்ஸ், தேங்காய்ப்பூவில் உப்பைப் போட்டுப் பிசைந்து பத்து நிமிடம் விடுங்கள், அதுவே தண்ணீர் விடும். அப்புறம் மாவைச் சேர்த்து, தேவைப்பட்டால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். இந்த ஒழுங்கை மாற்றினால் மா கையில் ஒட்டி ரொட்டி கட்டியாகிவிடும். கல்லில் மெல்லியதாகத் தட்டி, இரண்டு பக்கமும் பொன்னிறப் புள்ளி விழும்வரை சுடுங்கள். தட்டுகிற வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். தன் கையால் தட்டியதை, கோணலாக இருந்தாலும், சாப்பிடாத பிள்ளையை நான் கண்டதில்லை.

பிள்ளைக்காம்பராவில் ஒரு சின்னவள் இருந்தாள், கரட்டைக் கண்டாலே அழுவாள். ஒருநாள் பின்பக்கத்துப் பாத்திக்குக் கூட்டிப்போய் இலையைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். படக்கென்று கரட் வந்ததும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பீலித் தண்ணீரில் மண் போகக் கழுவி, வால் நுனியைத் தானாகவே கடித்தாள். அன்று சமைக்கக்கூட விடவில்லை.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, கொழுந்து பறிக்கும் தாய்: விடிய எழும்பிப் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். பிள்ளைகள் சாயத்தண்ணியும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போகிறார்கள். அடுப்படியில் நிற்க நேரமில்லை.

அந்த அவசரத்தில் நானும் வாழ்ந்திருக்கிறேன் அம்மா. அதனால் காலையில் செய்யும் வேலையை இரவுக்கு மாற்றுவதைத்தான் சொல்வேன். இரவு ஊறப்போட்ட கௌபியையோ பாசிப்பயறையோ காலையில் குக்கரில் வைத்துவிட்டு முகம் கழுவுங்கள். வெந்ததும் தேங்காய்ப்பூ, உப்பு, ஒரு துளி சீனி. பிள்ளைகள் கையால் அள்ளித் தின்னும். மேலே சொன்ன ரொட்டி மாவை இரவே பிசைந்து மூடி வைத்தால், காலையில் தட்டிச் சுடுவது மட்டும்தான் வேலை.

தேத்தண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் பறித்து உலகத்துக்கே கொடுக்கிற கொழுந்துதான், ஆனால் அதன் சாயம் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கு இரும்புச்சத்து அந்தப் பருப்பிலும் கீரையிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். எனவே சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டோ, தேசிக்காய்ப் புளி விட்ட சம்பலோ கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

மாத்தளையிலிருந்து ஒரு அம்மம்மா: பேரப்பிள்ளைகள் கீரையென்றால் ஓடுகிறார்கள்.

வல்லாரையைத் தண்டு நீக்கி, சுருட்டுப் போலச் சுருட்டி, கூர்மையான கத்தியால் மயிரிழையாக அரியுங்கள் அம்மா. தேங்காய்ப்பூ, வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி. பரிமாறும் நேரத்தில்தான் பிசைய வேண்டும், முன்கூட்டியே பிசைந்தால் கறுத்துக் கசக்கும். பச்சையாகச் சாப்பிடுவதால் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். முருங்கைக்கீரையைப் பருப்பு வெந்து இறக்குவதற்குச் சற்று முன்னால் போட்டு, கடைசியில் தேங்காய் முதற்பால் விட்டால் கசப்பு தெரியாது. பிள்ளைகளுக்குப் பச்சைமிளகாயை முழுதாகப் போட்டு எடுத்துவிடுங்கள்.

பதுளை: பதினைந்து வயது மகள் இறைச்சி, மீனை விட்டுவிட்டாள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். பால், தயிர், முட்டை இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறாளா என்று முதலில் பாருங்கள். விற்றமின் பீ12 மரக்கறியிலிருந்து நம்பிக்கையாகக் கிடைக்காது. மூன்றையும் விட்டுவிட்டால் மாத்திரை பற்றி டொக்டரிடம் கேட்கத்தான் வேண்டும். மாதவிடாய் வந்த பிள்ளைக்கு இரும்புச்சத்தும் கூடத் தேவை. தினமும் பருப்போ கடலையோ சோயாவோ ஒரு நேரமாவது தட்டில் இருக்கட்டும்.

பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த தம்பி: எனக்கே மரக்கறி இறங்காது. அறையில் ஒரு ஹொட்பிளேட்தான்.

தம்பி, சோயாமீற்றைக் கொதிநீரில் ஊற வைத்து, கையால் நன்றாகப் பிழியுங்கள். அந்தப் பிழிதலில்தான் அதன் வாடை போகும். பிறகு வெங்காயம், கறித்தூள், தக்காளி போட்டு வரட்டி, கடைசியில் ஒரு பிடி லீக்ஸ். பாணோடும் போகும், சோற்றோடும் போகும்.

வெலிமடை: பீட்ரூட் சாப்பிட்ட பிறகு பிள்ளைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது!

பீட்ரூட்டின் சாயம்தான், சிலருக்கு அப்படிப் போகும். சாப்பிடாத நாளிலும் சிவந்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கொட்டகலை: இரண்டரை வயது மகன் சோறே வேண்டாம் என்கிறான். பால் மட்டும் நாளைக்கு ஐந்தாறு போத்தல் குடிக்கிறான். எப்போது கவலைப்பட வேண்டும்?

பாலால்தான் அவனுக்குப் பசி இல்லை. ஒரு நாளைக்கு அரை லீற்றருக்கு மேல் போகாமல் குறைத்துக்கொண்டு வாருங்கள். போத்தலை நிறுத்திக் கோப்பையில், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். மூன்று நாலு நாள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். பால் கூடிப்போன பிள்ளைகளுக்கு இரத்தசோகை வருவது உண்டு.

கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு இருக்கிறதல்லவா, அதைப் பாருங்கள். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் பிள்ளை கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் போதும். கோடு படுத்தாலோ கீழே இறங்கினாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ என் சமையல் குறிப்பை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் அடுத்த கிளினிக்கு முன்னமே சொல்லுங்கள். திரிபோஷா என்ற சத்துமா தந்தால் அதைப் பெரியவர்கள் பங்கு போடாமல் பிள்ளைக்கே கொடுங்கள், தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் விரும்பிச் சாப்பிடும். முழுக் கச்சானை மட்டும் இந்த வயதில் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும்.

நானுஓயா: குளிரில் தோசை மா புளிக்கவே மாட்டேன் என்கிறது அக்கா.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, சட்டியைப் பழைய கம்பளியால் சுற்றி, இராச் சமையல் முடிந்த அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். ஓர் இரவு போதாவிட்டால் மறுநாள் மத்தியானம் வரை விடுங்கள். அப்படியும் பொங்காவிட்டால் கரட்டும் லீக்ஸும் போட்டுத் தடிப்பாக ஊற்றி, மூடி வைத்துச் சுடுங்கள். என் பிள்ளைகள் அதைத்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள்.